ஆறாம் நம்பர் கேட்டில் வெள்ளைத் துணி

அம்மாவும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். இன்றுதான் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மகள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் அறையை அம்மா, காசு கொடுத்துத் தங்க வரும் விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டாள்.

மகளை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. கல்யாணம் சரிப்பட்டு வராமல் ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த அறை ஒன்றுதான். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அதுவே வினையாகிப்போனது. மலை தெரியும் அறை என்றால் வருகிறவர்கள் இன்னும் ஒரு நாள் கூடத் தங்குகிறார்கள்.

வாசலில் அம்மா ஒரு பலகை மாட்டியிருக்கிறாள். 'காடு, விலங்கு, தேயிலை, கலாச்சாரம். எல்லாம் ஒரே இடத்தில்.' கலாச்சாரம் என்றால் என்னம்மா என்று மகன் ஒருநாள் கேட்டதற்கு, "வர்றவங்க எதைக் கேக்குறாங்களோ அதுதான்" என்று சொன்னவள் அவள். அந்தக் கணக்கில் மகளின் கட்டிலும் கலாச்சாரத்தில் சேர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து மேஸ்திரி வீட்டில் வாயைத் திறப்பதில்லை. சாமான் அறையில், காலித் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுக்கிறாள். தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்ச் சாப்பிடுகிறாள். கோபத்தை வாய்விட்டுக் கொட்டுகிறவர்களோடு எப்படியும் காலம் தள்ளிவிடலாம். வாயை மூடிக்கொண்டு கோபப்படுகிறவர்கள் இருக்கும் வீட்டில் இருந்து பாருங்கள், தெரியும்.

இந்த வாரம் அந்த அறையில் தங்கியிருப்பவர்கள் சாதாரண விருந்தாளிகள் அல்ல. ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, அவர்களுடைய பெண். அந்தப் பெண்ணைத்தான் மேஸ்திரியின் தம்பிக்குப் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டையும் பார்த்த மாதிரி, மலையையும் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று கிளம்பி வந்திருக்கிறார்கள்.

வந்த அன்றே டாக்டர் கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, பலகையில விலங்குன்னு போட்டிருக்கீங்களே, யானை எங்க?"

தம்பியும் வாயைக் கொடுத்துவிட்டான். "நாளைக்குக் காலையில காட்டுறேன் மாமா. என் பொறுப்பு."

* * *

இந்த மலையடிவாரத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. தோட்டத்தின் கேட்டில் வெள்ளைத் துணி கட்டியிருந்தால் உள்ளே போகலாம். சிவப்பு கட்டியிருந்தால் போகக் கூடாது; உள்ளே யானை நிற்கிறது என்று அர்த்தம். எதிர்மலையில் இருக்கும் வனத்துறைச் சாவடிக்காரர்களும் பைனாகுலரில் அந்தத் துணியைத்தான் பார்ப்பார்கள். சிவப்பைக் கண்டால் வெடியை எடுத்துக்கொண்டு வருவார்கள். யானைகளைக் காட்டுக்குள் விரட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

விடியற்காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேட்டாகப் போய்ப் பார்த்துத் துணி கட்டுவது மேஸ்திரியின் தம்பி. அதற்குப் பிறகுதான் விருந்தாளிகளை ஏற்றிக் காடு காட்டும் வேலை. பிறந்தபோது அவன் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே எழுந்து உட்கார்ந்ததாம், அதனால் ஹாரன் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர்தான் ஹாரன். காட்டுக்குள் அவன் ஜீப் ஹாரனை அடித்து யாரும் கேட்டதில்லை. அவன் கட்டிய துணியை யாரும் சந்தேகப்பட்டதும் இல்லை.

முறைப்படி அன்று மூன்றாம் நம்பர் தோட்டத்தில் பறிக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் தோட்டத்து அதிகாரி கூப்பிட்டு, "ஆறாம் நம்பர்ல கொழுந்து முத்திக்கிட்டு வருது, நாளைக்கு அங்க போயிடுங்க" என்றார். மேஸ்திரி சரி என்று சொல்லிப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. முன்பெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் "நாளைக்கு மூணு", "நாளைக்கு அஞ்சு" என்று போகிறபோக்கில் சொல்லிவைப்பாள். இப்போது யாரோடு சாப்பாடு, யாரோடு பேச்சு?

மூடுபனி இறங்கியிருந்தது. பெண்கள் முதுகில் கூடையோடு ஆறாம் நம்பர் பாதையில் ஏறினார்கள். தூரத்தில் கேட் மங்கலாகத் தெரிந்தது. அதில் வெள்ளையாக ஒன்று ஆடியது.

"வெள்ளைதான், நடங்கடி," என்றாள் மேஸ்திரி.

எப்போதும் போல முதலில் உள்ளே போனது பாட்டுக்காரி. பறிக்கும்போது பாடாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. மேஸ்திரி புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளில், ஒரு கேள்வியும் கேட்காமல் தன் கூடையில் இருந்த கொழுந்தில் பாதியை அவள் கூடையில் அள்ளிப் போட்டவள். மேஸ்திரிக்கு அவள்மேல் உயிர்.

பாட்டு இரண்டாவது அடிக்குப் போகவில்லை, நின்றுவிட்டது.

கீழே, ஓடையை ஒட்டிய மூங்கில் புதர் அசைந்தது. காற்று இல்லை. பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு நெற்றி வந்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி.

குட்டியோடு நிற்கும் யானையைப் பற்றி இங்கே யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கூடையைப் போட்டுட்டு ஓடுங்கடி! மேல ஓடுங்க!"

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடுவது சுலபமல்ல. இடுப்பளவு கிளை சேலையைப் பிடித்து இழுக்கும், கால் வைக்கிற இடமெல்லாம் வேர். பெண்கள் அலறிக்கொண்டு ஏறினார்கள். பின்னால் ஒரு பிளிறல். மேஸ்திரி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தனக்கு மேலே இருந்தார்கள், பாட்டுக்காரியைத் தவிர. அவள் மழைத்தண்ணீர் வடியும் பள்ளத்தில் குப்புற விழுந்து கிடந்தாள்.

"கால் வரலடி!" என்று கத்தினாள். "மேஸ்திரி, கால் வரல!"

அப்போதுதான் மேலே ரோட்டிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது.

நம்ப மாட்டீர்கள், மேஸ்திரியும் நம்பவில்லை. விருந்தாளிகள் நின்று வேடிக்கை பார்ப்பதற்கென்று ரோட்டோரம் ஒரு மேடை உண்டு. அதில் பல் டாக்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் போன். அதைப் பிடித்தபடியே மறு கையால் போனின் முதுகில் தட்டினாள். "என்ன அழகா ஓடுறாங்க பாருங்க, டிரஸ் எல்லாம் பளிச்சுனு! இது தினமும் நடக்குமா?"

அவளுக்கு அது கலாச்சாரம்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் பார்த்தது யானையை அல்ல, பெண்களை. ஒரு நொடிதான் நின்றான். ஜீப்பில் தாவி ஏறி, ரோட்டை விட்டு, கொழுந்து ஏற்றும் வண்டித்தடத்தில் நேராகக் கீழே விட்டான். வாழ்நாளில் முதல்முறையாகக் காட்டுக்குள் ஹாரனை அழுத்தினான். அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

பள்ளத்துக்கும் யானைக்கும் நடுவில் போய் ஜீப் நின்றது. பெரிய யானை காதை விரித்துக்கொண்டு நின்றது. ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அது குட்டியைத் துதிக்கையால் தள்ளித் திருப்பியது. மூங்கில் புதர் மறுபடி அசைந்து அடங்கியது.

* * *

மேஸ்திரி ஜீப்புக்கு வந்து சேர்ந்தாள். பயம் போய்விட்டது, அந்த இடத்தில் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"வெள்ளை கட்டியிருக்கியேடா! கண்ணு தெரியலயா உனக்கு?"

"வெள்ளையா?" என்றான் தம்பி.

கேட்டை நோக்கி ஓடினான். பனியில் மறைந்தான். திரும்பி வரும்போது மெதுவாக நடந்து வந்தான். அதற்குள் டாக்டர் குடும்பமும் இறங்கி வந்துவிட்டது. சாவடி அதிகாரியும் சத்தம் கேட்டு இரண்டு ஆட்களோடு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

"யார் வெள்ளை கட்டினது?" என்று கேட்டார் அதிகாரி.

தம்பி தரையைப் பார்த்தான். "நான்தான் சார்."

"யானை நின்னது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"சிவப்பு கட்டினா நீங்க வந்து வெடி போட்டு விரட்டிடுவீங்க. இவங்களுக்கு யானை காட்டுறேன்னு சொல்லியிருந்தேன். அதனாலதான்..."

வாக்கியம் முடியவில்லை. மேஸ்திரி விட்ட அறை எதிர்மலையில் கேட்டிருக்கும்.

"பத்துப் பொம்பளைங்க உசுரு உனக்கு வேடிக்கையாடா? அவ காலைப் பாருடா! மாமனார் முன்னாடி பெருமை பேசறதுக்கு நாங்கதான் கிடைச்சோமா? நீ கட்டின துணியை நம்பித்தானடா நான் இவங்களை உள்ள கூட்டிட்டுப் போனேன். உன்னை நம்பித்தானடா!"

தம்பி கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"இவ்வளவு பல்லைக் கடிக்காதீங்கம்மா. தேஞ்சுடும்."

மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வையில், அவர் தன் வாயை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்தவள் கல்யாணப் பெண் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. யாரையும் கேட்காமல் பள்ளத்தில் இறங்கினாள். தன் குடையை மடக்கி, பாட்டுக்காரியின் காலோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டினாள். "அசைக்காதீங்க, பல்லைக் கடிச்சுக்கோங்க" என்றாள். டாக்டர் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

கொழுந்து ஏற்றும் வேன் வந்தது. பாட்டுக்காரியை ஏற்றினார்கள். கூடப் போவதற்குக் கல்யாணப் பெண்ணே ஏறினாள். ஏறும்முன் மேஸ்திரியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஜீப்புல வரும்போது அவர் எங்ககிட்ட சிவப்பு கட்டியிருக்கேன்னுதான் சொன்னார். கீழ யாரும் வரமாட்டாங்க, சாவடிக்காரங்க வர்றதுக்குள்ள சீக்கிரம் பாத்துட்டுப் போயிடலாம்னார்."

"உன்கிட்ட நல்லவன் வேஷம் போட்டிருப்பான்," என்றாள் மேஸ்திரி. "அதுல கெட்டிக்காரன்."

அதிகாரி தம்பியிடம் ஜீப் சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "மத்தியானம் வீட்டுக்கு வர்றேன். என்ன நடந்துச்சுன்னு எழுதி வாங்கணும். இனிமே காட்டுக்குள்ள நீ வண்டி ஓட்டுறதை மறந்துடு."

எல்லோரும் போன பிறகு மேஸ்திரி மட்டும் கேட்டுக்குப் போனாள். அந்தத் துணியை அவிழ்த்துக்கொண்டு போய்த் தம்பியின் மூஞ்சியில் எறிய வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். முடிச்சு இறுகியிருந்தது. நகம் ஒடிய ஒடிய அவிழ்த்தாள். விரித்தாள்.

விரித்த கை அப்படியே நின்றது.

அது தம்பியின் பையில் இருக்கும் துணி அல்ல. தலையணை உறையில் பாதி. ஓரத்தில் நீல நூலில் சின்னச் சின்ன இலையாகத் தைத்த தையல். அந்தத் தையலைப் போட்டவள் அவளேதான். புகுந்த வீட்டில் தூக்கம் வராத நாட்களில் உட்கார்ந்து தைத்தது. திரும்பி வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. அறையைக் காலி செய்த அன்று காணாமல் போனது.

அதில் இப்போது கரியும் எண்ணெயும் பிசுபிசுத்தது. அம்மா அதைக் கிழித்து அடுப்படித் துணியாக்கிவிட்டிருக்கிறாள்.

கேட்டுக்குக் கீழே புல்லுக்குள் இன்னொரு துணி சுருண்டு கிடந்தது. சிவப்பு.

* * *

ஆறாம் நம்பர் கேட்டிலிருந்து வீட்டுப் பின்வாசலுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. அம்மா விறகு பொறுக்கப் போகிற பாதை. மேஸ்திரி அதில் எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அம்மா அடுப்பின் முன் நின்று தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைப் பிடிக்க அவள் கையில் இருந்தது தலையணை உறையின் மறுபாதி.

மேஸ்திரி தன் கையில் இருந்ததை அடுப்பு மேடைமேல் போட்டாள். இத்தனை நாள் மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

"நீதானா?"

அம்மா துணியைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை.

"கத்தாதே. சம்பந்தி வீட்டுக்காரங்க முன் அறையில இருக்காங்க."

"நீதானான்னு கேட்டேன்."

"ஆமா, நான்தான். இப்ப என்ன? விடியக்காலையில வந்து, ஆறாம் நம்பர்ல நிக்குதும்மா, சிவப்பு கட்டிட்டேன், சாவடிக்காரங்க வர்றதுக்குள்ள இவங்களை எழுப்பிக் கூட்டிட்டுப் போகணும்னு அவன் பறந்தான். அந்தம்மா குளிச்சுக் கிளம்பி வர்றதுக்குள்ள யானை ஊர் போய்ச் சேர்ந்திடும். அதான், கொஞ்ச நேரம் நிக்கட்டுமேன்னு மாத்திக் கட்டினேன். அவனுக்குத் தெரியாது."

"கொஞ்ச நேரம்."

"ஆமா, கொஞ்ச நேரம்தான். பாத்துட்டு வந்ததும் திரும்பச் சிவப்பு கட்டிடலாம்னு இருந்தேன். யாருமே இல்லாத தோட்டம்தானே?"

"நாங்க இருந்தோம்!"

"எனக்கு எப்படிடீ தெரியும்?" அம்மா இப்போதுதான் திரும்பினாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. "இன்னிக்கு மூணாம் நம்பர் முறை. ஆறாம் நம்பருக்கு மாத்தினதை யார் சொன்னா? நீ சொன்னியா? தட்டைத் தூக்கிட்டுச் சாமான் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறியே, அந்தக் கதவுகிட்ட வந்து நான் கேக்கணுமா? ஒரு வார்த்தை, 'நாளைக்கு ஆறு'ன்னு ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, நான் அந்தப் பக்கம் போயிருப்பேனா?"

மேஸ்திரிக்கு நெஞ்சில் குத்தியது. குத்தாமல் இருக்குமா? அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒருவர் செய்த தப்புக்கு அடுத்தவர் மௌனத்தைப் பதிலாகக் கொடுக்கிற சாமர்த்தியம் அம்மாவுக்கு எப்போதும் உண்டு. அதை நினைத்ததும் குத்திய இடத்திலேயே கோபம் மறுபடி மூண்டது.

"நான் ஏன் பேசலன்னு உனக்குத் தெரியாதா? என் அறையை எடுத்த. என் கட்டிலை எடுத்த. இதையும் கிழிச்சுக் கரித்துணி ஆக்கிட்ட. அதெல்லாம் போகட்டும். நான் பேசலன்னா துணியை மாத்திக் கட்டலாமா? அந்தத் துணி எதுக்குன்னு உனக்குத் தெரியாது? நீயும் கொழுந்து பறிச்சவதானே?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் ஒரு காலத்தில் கூடை சுமந்தவள்தான். பலகை மாட்டியதிலிருந்து அதை யாரும் ஞாபகப்படுத்துவது அவளுக்குப் பிடிக்காது.

பின்வாசலில் நிழல் விழுந்தது. தம்பி. கன்னத்தில் அக்காவின் விரல்கள் இன்னும் பதிந்திருந்தன.

"அக்கா, விட்டுடு. நான்னு சொல்லிட்டேன். அப்படியே இருக்கட்டும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"துணியைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. நம்ம வீட்டுத் துணி எனக்குத் தெரியாதா?"

"அடி வாங்கிட்டு நின்னியேடா, பைத்தியக்காரா!"

"அம்மா பேரு வெளியே வந்தா இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. பலகையைக் கழட்டிட வேண்டியதுதான். எனக்கென்ன, வேற எங்கயாவது வண்டி ஓட்டிப்பேன்."

"யாருக்குடா இந்தத் தியாகம்? பாட்டுக்காரி நாளைக்கு என் முகத்தைப் பாத்து, யாருடி கட்டினான்னு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? உன் பேரைச் சொல்லவா? அப்புறம் நாளைக்கு யாரு கட்டுற துணியை நம்பி அவங்க உள்ள போவாங்க?"

தம்பி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அதிகாரி வரட்டும்," என்றாள் மேஸ்திரி அம்மாவிடம். "நீயே சொல்லிடு. தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லு, நானும் கூட நிக்கிறேன். நான் வீட்ல சொல்லாததையும் சேர்த்தே சொல்றேன். ஆனா நீ சொல்லலன்னா, நான் சொல்லுவேன்."

அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது. யாரும் பார்க்கவில்லை.

* * *

மத்தியானம் அதிகாரி வந்தார். முன் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டாக்டரும் மனைவியும் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பெண் வருவதற்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சை எடுக்க இரண்டு பக்கத்துக்கும் தைரியம் இல்லை.

பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"எலும்பு ரெண்டு இடத்துல ஒடஞ்சிருக்கு. ஆபரேஷன் பண்ணணும். நடப்பாங்களாம். மலையில ஏறிப் பறிக்க முடியுமான்னு இப்பச் சொல்ல முடியாதாம்."

மேஸ்திரி கண்ணை மூடித் திறந்தாள். பறிக்க முடியாவிட்டால் பாட்டுக்காரிக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த வீடும் இல்லை. அது இந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், டாக்டர் மனைவியைத் தவிர. அந்த அம்மாள் போனை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி. வெள்ளைத் துணி கட்டினது நீதான். அப்படித்தானே?"

"ஆமா சார்," என்றான் தம்பி.

"இல்ல," என்றாள் மேஸ்திரி.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேஜைமேல் துணியை வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் மட்டும் இல்லை. கடைசியாக ஒருமுறை கேட்கிறேன் என்ற கெஞ்சலும் இருந்தது. எத்தனை கோபம் இருந்தாலும் பெற்றவள் நல்லவளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாத பிள்ளை உண்டா?

"அம்மா," என்றாள். அறை பறிபோனதிலிருந்து அந்த வார்த்தையை அவள் சொன்னதில்லை. "சொல்லும்மா."

அம்மா எழுந்து வந்தாள். துணியை எடுத்தாள். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் நீவி மடிப்பது அவள் பழக்கம். இதையும் நீவினாள். நீல நூல் தெரியும்படி மடித்து அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

வாசலில் நின்ற பெட்டிகளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

"இது என் பையன் துணி இல்லைங்க," என்றாள். "இந்தத் தையல் என் பொண்ணு போட்டது. அவ தலையணை உறை. கேட்டுக்கு முதல்ல போனதும் அவதான். அவளையே கேட்டுக்கோங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது. அறையைக் கொடுத்தாள், கட்டிலைக் கொடுத்தாள். இப்போது மகளையே கொடுத்துவிட்டாள், இவ்வளவு லேசாக, ஒரு துணியை மடித்து வைக்கிற நேரத்தில்.

அதிகாரி துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையிலேயே வைத்தார். "இது உங்க தையலாம்மா?"

"என் தையல்தான்," என்றாள் மேஸ்திரி. "கிழிச்சதும் நான் இல்ல. கட்டினதும் நான் இல்ல."

"அப்ப யாரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கல்யாணப் பெண் முன்னால் வந்தாள். அவள் மேஸ்திரியைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை. தம்பியின் முன்னால் போய் நின்றாள். துப்பட்டா இல்லாத தோளில் பாட்டுக்காரியின் ரத்தம் காய்ந்திருந்தது.

"காலையில ஜீப்புல என்கிட்ட என்ன நிறம் கட்டியிருக்கேன்னு சொன்னீங்க?"

தம்பி தலையைத் தூக்கினான்.

"எனக்குச் சொன்னதை இங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அம்மாவைக் காப்பாத்துறதுக்குத்தான் உங்க பேரைக் குடுத்தீங்கன்னு இப்பப் புரியுது, அது உங்க இஷ்டம். இப்ப அக்கா பேரைக் குடுக்கறாங்க. அதுக்கும் சும்மா இருப்பீங்களா? நீங்க சொல்றதைக் கேட்டுட்டுத்தான் நான் அந்தப் பெட்டியைத் தூக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்."

அவன் அவளைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கடைசியில் பார்வை அம்மாவிடம் போய் நின்றது. அம்மா, மடித்த துணியையே திரும்பவும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஒரு யானையைத் திருப்பி அனுப்பும் அளவுக்குச் சத்தம் போட்டவன் வாயிலிருந்து, இப்போது மூச்சுகூட வரவில்லை.

அவனே சொல்லட்டும் என்று மேஸ்திரி காத்துக்கொண்டு நின்றாள்.